நாள் வாசகத்தில் வந்த காணிகள்

வேதாகமத்தை நாளாந்தம் வாசிப்பது எமது சனத்துக்குப் புதிய பழக்கமல்ல. கத்தோலிக்க வீடுகளில் அன்றைய திருப்பலி வாசகம் எதுவென்று நாட்காட்டியில் பார்த்து எடுப்பார்கள். மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபை வீடுகளில் காலைத் தியானத்துக்கென ஒரு பகுதி இருக்கும். வீடு வாசல் இருந்த காலத்தில் இது தன்பாட்டில் நடந்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியபோது, படுக்கவே இடமில்லாத கொட்டில்களில் பல குடும்பங்களுக்கு அந்தப் பழக்கம் நின்றுபோயிற்று.

2012 தவக்காலத்தில் எமது முகாமில் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து அதை மீண்டும் தொடங்கினோம். இரண்டு மூன்று சபைகளைச் சேர்ந்தவர்கள் இருந்தபடியால், எந்தச் சபையின் அட்டவணையும் வேண்டாம், ஆதியாகமத்திலிருந்து ஒழுங்காக ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று தீர்மானித்தோம். எம்மிடம் இருந்த பழைய புத்தகத்தில் 1189 அதிகாரங்கள். (கத்தோலிக்க வீடுகளில் உள்ள திருவிவிலியத்தில் இன்னும் சில நூல்கள் கூடுதலாக உண்டு.) கணக்குப்படி மூன்றேகால் வருடத்தில் முடிய வேண்டும். ஆனால் மாரிமழைக்குக் கொட்டில் ஒழுகும் நாள், சாவீட்டு நாள், வெங்காய நடுகைக்குக் கூலிக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் நாள் என்று தள்ளிப்போய், 2017 இல்தான் முடிந்தது.

ஒழுங்காக வாசிப்பதில் ஒரு நன்மையும் ஒரு கஷ்டமும் உண்டு. நாமாகத் தெரிந்தெடுத்தால் ஆறுதலான வசனங்களைத்தான் எடுப்போம். ஒழுங்காக வாசித்தால் அன்றைக்கு வருவதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். கஷ்டம் என்னவென்றால், சில வாரங்களுக்கு ஒன்றுமே பிடிபடாது. லேவியராகமத்தில் தோல் வருத்தங்களைப் பற்றிய அதிகாரங்கள் வந்தபோது, "இதென்ன பிள்ளையள், டிஸ்பென்சரிக் கொப்பி மாதிரிக் கிடக்கு" என்றார் ஓர் அம்மம்மா. வம்ச அட்டவணைகளை வாசித்த பிள்ளைகள் பெயர்களில் இடறி இடறிச் சிரித்தார்கள். அப்படியான மாலைகளும் வேண்டியவைதான் என்பது எமது எண்ணம். எல்லாரும் ஒரு விளக்கைச் சுற்றி இருந்தோம், அவ்வளவே.

ஆனால் அந்த ஐந்து வருடத்தில் ஒரு விஷயம் எமக்குத் தெளிவாயிற்று. அதைத்தான் இங்கு எழுதுகிறோம். பிரசங்கத்தில் காணி என்று வந்தால் பெரும்பாலும் அது மோட்சத்துக்கு உவமையாக வரும். வேதாகமத்திலோ காணி காணியாகவே இருக்கிறது. எல்லைக்கல், கிணறு, முதுசம், உறுதி, விளைச்சல் என்று கமக்காரன் பேசும் அதே பேச்சு. காணியில்லாமல் இருந்து வாசித்தால் இது கண்ணில் படாமல் போகாது.

முதலில் எம்மை நிறுத்தியது எண்ணாகமம் 27 ஆம் அதிகாரம். செலொப்பியாத் என்பவர் ஆண்பிள்ளை இல்லாமல் வனாந்தரத்தில் இறந்துபோகிறார். அவருடைய ஐந்து பெண்பிள்ளைகள் சபைக்கு முன்னால் வந்து, தகப்பனுடைய பங்கு எமக்கு வரவேண்டும் என்று கேட்கிறார்கள். இன்னும் கண்ணாலும் காணாத காணிக்கு உரித்துக் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பாகிறது. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பேருடைய பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. எமது நாட்டில் குடியேற்றத் திட்டக் காணிகளுக்கான 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் பெர்மிட்காரர் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. வன்னியில் பெர்மிட் காணி உள்ள எமது சகோதரிகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதை எல்லாருக்கும் தெரியும். கத்தோலிக்கத் திருப்பலியிலும் இரட்டை எண் வருடங்களில் ஜூன் நடுப்பகுதியில் அது வாசகமாக வரும். முதுசக் காணியை விற்கமாட்டேன் என்றவனைப் பொய்ச்சாட்சி வைத்துக் கொன்றுவிட்டு அரசன் ஆகாப் தோட்டத்தை எடுத்துக்கொள்கிறான். இதை வாசித்தால் இடம்பெயர்ந்த எவருக்கும் தானே நாபோத் என்றுதான் தோன்றும். எமக்கும் அப்படித்தான் இருந்தது, முகாம் இருந்த காணியின் சொந்தக்காரி ஞாபகத்துக்கு வரும்வரை. அந்த முகாம் தனியார் காணியில் இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அந்த ரீச்சர் அம்மா ஒரு சதமும் வாங்காமல் எம்மை இருக்கவிட்டவர். அந்த வருடம் மகளின் கலியாணம் சரிவந்து, சீதனமாகக் கொடுப்பதற்கு அந்தக் காணியைக் கேட்டு இரண்டு தரம் வந்து போயிருந்தார். "நாங்கள் எங்கை போறது ரீச்சர்?" என்பதுதான் எமது பதிலாக இருந்தது. அது பொய்யான பதிலல்ல. ஆனாலும் அன்றைய அதிகாரத்தை வாசித்து முடித்த பிறகு ஒருவரும் எழும்பவில்லை.

இரண்டு மூன்று மாலைகள் இதே பேச்சு. கடைசியில் ஒழுங்கைப் பக்கமாக இருந்த நான்கு கொட்டில்களைப் பின்னுக்கு நகர்த்தி, கிணறும் தென்னைகளும் வருமாறு இரண்டு பரப்பை விட்டுக்கொடுத்தோம். நெருக்கடிதான். அந்த நான்கு குடும்பமும் இரவல் குசினியில் சமைக்க வேண்டி வந்தது. ரீச்சர் அம்மா முழுவதும் கேட்டார், இரண்டு பரப்புத்தான் கிடைத்தது. அதோடு அந்த வேலியில் ஒரு படலை வைத்து, கிணற்றில் எமக்குத் தண்ணீர் அள்ள அவர்தான் இடம் தந்தார். இதையும் எழுதாமல் விடமுடியாது: 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடு வளவுகளில் எமது உறவினர்களும் குடியிருந்திருக்கிறார்கள். ஒருவருடைய அகதி வாழ்க்கை இன்னொருவருடைய காணியில்தான் நடக்கிறது.

அடுத்து 2 இராஜாக்கள் 8. சூனேம் ஊர்ப் பெண்ணை எலிசா தீர்க்கதரிசி எச்சரித்து அனுப்புகிறார். பஞ்சம் வரப்போகிறது, எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள் என்று. அவள் குடும்பத்தோடு பெலிஸ்தரின் நாட்டுக்குப் போய் ஏழு வருடம் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். வீடும் வயலும் வேறு ஆட்களிடம். நேரே அரசனிடம் போய் முறையிடுகிறாள். இதே பெண்ணிடம் நான்காம் அதிகாரத்தில் எலிசா, உனக்காக அரசனிடம் ஏதும் பேசட்டுமா என்று கேட்டிருந்தார். அப்போது அவள், நான் என் சனத்தின் நடுவில் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்ற கருத்தில் பதில் சொன்னாள். வசதியான வீட்டுக்காரி, புருஷனும் இருந்தார். எட்டாம் அதிகாரத்தில் புருஷனைப் பற்றிய பேச்சே இல்லை. அவளும் மகனும்தான் அரசன் முன்னால் நிற்கிறார்கள். எமது சனத்தில் இப்படி நின்ற பெண்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. கச்சேரி வாங்கிலும் பிரதேச செயலக வாசலிலும் அவர்களைத்தான் கண்டிருக்கிறோம்.

அரசன் கொடுத்த தீர்ப்புத்தான் எமக்கு ஆச்சரியம். ஓர் அலுவலரை அவளுக்கென்று நியமித்து, அவளுடைய காணி முழுவதையும், அவள் ஊரைவிட்டுப் போன நாள் முதல் அன்றுவரை வயலில் விளைந்த விளைச்சலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறான். ஏழு வருட விளைச்சல்! எம்முடன் வாசித்த ஓர் ஐயா, வெங்காயமும் புகையிலையும் வாழையும் செய்தவர், விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். "ஆறு பரப்பு, வரியத்துக்கு ரெண்டு போகம், இருபத்திரண்டு வரியம்..." பாதியில் விட்டுவிட்டு, "விளைச்சலை விடுங்கோ, காணியைத் தந்தால் காணும்" என்றார்.

இங்கே ஒரு சட்ட விஷயத்தையும் சொல்லவேண்டும். 1871 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் ஒரு கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் மற்றவரின் தனியார் காணியைப் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் தனதாக ஆண்டுவந்தால், நீதிமன்றத்தில் அதற்கு உரித்துக் கேட்கலாம். ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை நீதிமன்றம் போகமுடியாமல் இருந்தவர்களின் உரிமை இதனால் போய்விடக்கூடாது என்று 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்கு வைக்க அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். சூனேம் பெண் திரும்பிவந்த உடனேயே அரசனிடம் போனாள். காணிக்காரர் காலத்தைக் கடத்தக்கூடாது என்பது அன்றைக்கும் தெரிந்திருந்தது.

137 ஆம் சங்கீதத்தை வாசித்த மாலையைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் அழுகையில் தொடங்கி, எதிரியின் குழந்தைகள்மேல் போடும் சாபத்தில் அது முடிகிறது. ஆலயத்தில் வாசிக்கும்போது அந்தக் கடைசிப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நாங்கள் விடவில்லை. பிள்ளையைப் போரில் இழந்த ஒரு தாய் எழும்பிப் போய்விட்டா. மறுநாள் வந்தா, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

எரேமியாவுக்கு வந்தபோது 2016 ஆகிவிட்டது. இந்தப் புத்தகத்தில்தான் நாம் அதிக நாள் தங்கினோம். 28 ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டு வருடத்தில் எல்லாரும் ஊர் திரும்புவார்கள் என்று சொல்கிறான். சனத்துக்குச் சந்தோசம். இந்தக் குரலை நாம் நன்றாக அறிவோம். 1990 இல் "ரெண்டு கிழமைதான்" என்றார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தவர்கள் எம்மில் உண்டு. பின்னர் மேடைகளில் ஆறு மாதம் என்றார்கள். எரேமியாவோ பாபிலோனில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: எழுபது வருடம் ஆகும், வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டினத்தின் நன்மைக்காக மன்றாடுங்கள். கசப்பான கடிதம். இதற்காக எரேமியாவைத் தண்டிக்கவில்லையா என்று கேட்டு ஒருவன் எருசலேமுக்குப் பதிலே எழுதுகிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எமது முகாமில் வெகுகாலம் ஒருவரும் ஒரு மரம் நடவில்லை. கீரை, வெண்டி, பயற்றை என்று இரண்டு மூன்று மாதத்தில் பலன் தருவதைத்தான் போட்டோம். வாழைக்குட்டி வைத்தால்கூட, "என்ன, இஞ்சையே இருக்கிற யோசனையோ?" என்று பகிடி பண்ணுவார்கள். மரம் வைத்தால் ஊரை மறந்ததாகிவிடும் என்ற பயம் அந்தப் பகிடிக்குள் இருந்தது. 29 ஆம் அதிகாரத்தை வாசித்த கிழமை, ஓர் அக்கா முருங்கைத் தடி வெட்டிவந்து கொட்டில்களின் ஓரமாக ஊன்றினா. ஊன்றுவதற்கு முதல் ரீச்சர் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஊன்றினா.

அப்படியானால் ஊரை விட்டுவிடுவதா? இதற்கு 32 ஆம் அதிகாரத்தில் அதே எரேமியா பதில் தருகிறார். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. அவர் அரசன் சிதேக்கியாவின் காவலில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தகப்பனுடைய சகோதரனின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை நீ வாங்கு, உறவுமுறைப்படி உரித்து உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் நகரத்துக்கு வெளியே சில மைல் தூரம். சுற்றிலும் பாபிலோன் படை. இன்றைய பேச்சில் சொன்னால் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடக்கும் காணி. எரேமியா அதை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். ஏறக்குறைய 200 கிராம் வெள்ளி. தராசில் நிறுத்து, சாட்சி வைத்து, உறுதி எழுதி, ஒப்பமிட்டு, ஒன்று முத்திரையிட்டதும் ஒன்று திறந்ததுமாக இரண்டு பிரதிகளையும் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார்.

"அந்த மனுசன்ர காசு வீண்தானே" என்றார் ஒருவர். "வித்தவனைப் பற்றி ஏன் ஒருத்தரும் கதைக்கிறேல்லை?" என்று கேட்டார் அவருடைய மனைவி. முற்றுகைக்குள் சாமான் விலை ஏறியிருக்கும், அனாமெயேலுக்கு வீட்டில் அடுப்பெரிய வேண்டியிருந்திருக்கும் என்பது அவவின் நியாயம். அவ சும்மா கேட்கவில்லை. வலயத்துக்குள் கிடந்த தங்கள் நான்கு பரப்பை அரைவிலைக்குக் கேட்டு ஒரு தரகர் வந்துபோயிருந்தார். மகனுக்குச் சத்திரசிகிச்சை, காசு வேண்டும். விற்காதே என்று சொல்ல எமக்கு என்ன உரிமை? ஆனால் அனாமெயேல் முதலில் உறவுக்காரனிடம் போனான் என்பதைத் திரும்பவும் வாசித்துக் காட்டினோம். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைக்கப்பட்ட எமது தேசவழமையிலும் இதே முறை உண்டு. பங்குக் காணியை விற்கமுன் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் சொல்லவேண்டும். வெளிநாட்டில் இருந்த பெறாமகன் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் தரகர் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து எழுதுவித்தார். சத்திரசிகிச்சை நடந்தது. காணி அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கிறது.

மண்பாண்டத்தைப் பற்றி இன்னொன்று. 1961 இல் சாக்கடலுக்கு அருகில் ஒரு மலைக்குகையில் தோற்பை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பபத்தா என்ற யூதப் பெண்ணுடைய 35 பத்திரங்கள் அதற்குள் இருந்தன. ஈச்சந்தோட்டக் காணிகள், கலியாணம், மகனின் பராமரிப்பு வழக்கு எல்லாவற்றுக்குமான பத்திரங்கள். கி.பி. 132 இல் ரோமருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்ட காலத்தில் அவற்றைக் கட்டிக்கொண்டு அந்தக் குகைக்குள் ஒளித்திருக்கிறாள். அவற்றில் சில, எரேமியா சொல்வதைப் போலவே ஒரே தாளில் இருமுறை எழுதி, மேற்பகுதியைச் சுருட்டிக் கட்டி, கீழ்ப்பகுதியைத் திறந்து விட்டவை. அவள் அந்தப் பையை எடுக்கத் திரும்பி வரவில்லை.

எமது அம்மாமார் உறுதியைப் பொலித்தீனில் சுற்றி மா ரின்னில் போட்டுக் கொண்டுதிரிந்ததும் இதே வேலைதான். வளவில் புதைத்துவிட்டு வந்தவர்களுக்குக் கறையான்தான் மிச்சம். ஆனால் உறுதி போய்விட்டால் காணி போய்விட்டதென்று நினைக்கவேண்டாம். நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது ஒன்று காணிக்காரருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவைக்கு, ஒன்று காணிப் பதிவகத்துக்கு. பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் வருடமும் தெரிந்தால் வேலை சுலபம். அந்த மூன்றையும் வேதாகமத்தின் முதல் ஒற்றையில் எழுதிவைக்கும்படி அன்றைக்கே எல்லாரிடமும் சொன்னோம். பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம் எழுதும் இடத்தில் காணியும் ஏறட்டும்.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் பக்கத்துக் காணிகளில் ஒரு பகுதியும் விடுபட்டன. வலிகாமம் வடக்கில் பிறகும் விடுபடாமல் கிடந்த காணிகள் உண்டு. எம்மில் சிலருடையது அதற்குள். திரும்பியவர்களில் இரண்டு குடும்பம் எம்முடன் வாசித்தவர்கள். அந்த நேரம் வாசிப்பு முடிந்து, திரும்ப ஆதியாகமம் தொடங்கியிருந்தது. 26 ஆம் அதிகாரம் வந்தபோது முகாமில் மிஞ்சியிருந்த நாம் கொஞ்சப் பேர் பஸ் எடுத்துப் போய் அவர்களுடைய வளவில் வாசித்தோம். வீடு இல்லை, அத்திவாரம் தெரிந்தது. கிளுவை வேலி இருந்த இடத்தில் காடு. கிணற்றை வீட்டுக் கல்லாலேயே தூர்த்திருந்தார்கள்.

ஈசாக்கு பஞ்சத்துக்குக் கேராரில் போய் இருந்து, அந்நியருடைய ஊரிலேயே விதைத்து, அந்த வருடமே நூறு மடங்கு அறுக்கிறார். பொறாமையில் போகச் சொல்கிறார்கள். அங்கிருந்து போய், தகப்பன் காலத்தில் தோண்டிப் பிறகு பெலிஸ்தர் மண் போட்டு மூடிய கிணறுகளைத் திரும்பத் தோண்டுகிறார். தகப்பன் வைத்த அதே பெயர்களை அவற்றுக்கு வைக்கிறார். 2012 இல் இதைப் பத்து நிமிடத்தில் வாசித்துக் கடந்திருந்தோம். இந்தத் தரம் பெயர் என்ற இடத்தில் நின்றோம். எமது உறுதிகளில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்த ஒழுங்கையில் இருந்த பதினொரு துண்டுகளின் பெயரையும் முகாமிலிருந்து கூட்டிவந்த அம்மம்மா ஒருவர் ஒன்றும் விடாமல் சொன்னார். எல்லைக்கல் இல்லாத இடத்தில் அதுதான் முதல் எல்லை. ஒரு பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அதே அதிகாரத்தில் ஈசாக்கின் ஆட்கள் புதிதாகத் தோண்டிய இரண்டு கிணறுகளுக்கும் சண்டை வருகிறது. இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது தோண்டுகிறார். எமக்கு மூன்றாவது தோண்ட இடமில்லை. அந்தக் கிணற்றில் இரண்டு வீட்டுக்கும் அரைப்பங்கு. 1990 இக்கு முதலே தண்ணீர் முறையில் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. வெடிபொருள் இல்லையென்று கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்துச் சொல்லும்வரை இறங்குவதில்லை, தூர் எடுக்கும் செலவு இரண்டு வீட்டுக்கும் சரிபாதி, இறைப்பு ஒருநாள் விட்டு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் இல்லை என்று அன்றைக்கே ஒரு துண்டில் எழுதி இரண்டு பேரும் ஒப்பம் வைத்தார்கள். இரண்டு பிரதி. நாம் சாட்சி.